கைக்கு ஒரு வேலை

எனக்கு முன்பற்கள் எடுப்பாக இருக்கும். பள்ளி நாட்களில் அது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க அப்பா எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். குடைவிளக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு விரலால் என் தாடையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "வாயை மூடிக்கோம்மா, பல்லு தெரியுது" என்றார் படம் எடுத்தவர். கடுமையாகச் சொல்லவில்லை. அன்று வந்த ஒவ்வொருவரிடமும் தலையைத் தூக்கு, தோளை இறக்கு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார். எனக்குள் மட்டும் அந்த ஒரு வாக்கியம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும், கல்லூரிப் பிரிவு விழா, அக்கா கல்யாணம், தம்பியின் பட்டமளிப்பு என்று எதை எடுத்துப் பார்த்தாலும், என் உதடுகள் ஒட்டியே இருக்கின்றன. கைகள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். கண்ணில் ஒரு கலவரம் இருக்கும்.

வேலைப் பயிற்சிக்காக ஹைதராபாத் வந்து அமீர்பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். சாஃப்ட்வேர் பயிற்சி மையங்களும் ஹாஸ்டல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் பகுதி அது. அறைக்கு நாலு கட்டில். நிஜாமாபாத்திலிருந்து ஒருத்தி, கடப்பாவிலிருந்து ஒருத்தி, கொச்சியிலிருந்து ஒருத்தி, நான். நிஜாமாபாத்காரி எங்களைவிட மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்காவது கிளம்பிவிடுவோம். போகிற இடமெல்லாம் படம் எடுப்பார்கள். "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று போனை முதலில் வாங்கிக்கொள்வது நான்தான். எடுக்கிறவள் படத்தில் வரமாட்டாள். எல்லோரும் என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள். உண்மையான காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அது எப்படி மாறியது என்பதையும், நண்பர்களோடு எடுக்கும் படம் இயல்பாக அமைய என்ன செய்யவேண்டும் என்று அதன் வழியாக நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். ஸ்மைல் ப்ளீஸ் என்று யாராவது சொன்னதும் உடம்பு விறைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கோல்கொண்டா கோட்டைக்குப் போனவர்களுக்கு அந்தக் கைதட்டல் தெரிந்திருக்கும். கீழே நுழைவாயில் வளைவுக்கு அடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று தட்டினால், குன்றின் உச்சியில் உள்ள பாலா ஹிஸார் மண்டபத்தில் கேட்கும். எதிரி வந்தால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிவிக்க குதுப்ஷாஹிகள் செய்த ஏற்பாடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அக்கா எங்களை இரண்டாகப் பிரித்தாள். கொச்சிக்காரி கீழே நிற்பாள். அக்கா, கடப்பாக்காரி, நான் மூவரும் மேலே ஏறிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். "கேட்டதும் கையைத் தூக்கணும், யார் முதல்ல தூக்குறாங்கன்னு பார்ப்போம்" என்றாள். ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்க, கண்ணை மூடி, கடப்பாக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவே அந்தத் தட்டல் மெல்லியதாக வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் கத்தினோம். அக்கா அதற்கெல்லாம் முன்பே போனை எடுத்து, பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரவு ஹாஸ்டலில் அந்தப் படத்தைக் காட்டினாள். எல்லாப் பற்களும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கூச்சம். அழிச்சிடுங்க அக்கா என்றேன். "உன் படம், உன் இஷ்டம். ஆனா நாளைக்குக் காலைல ஒரு தடவை பார்த்துட்டு அழிச்சிடு" என்று என் போனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் பார்த்தபோது பற்கள் அப்படியேதான் இருந்தன. ஆனால் என் கண் முதலில் போனது கைகளுக்கு. ஒரு கை மேலே உயர்ந்திருந்தது, மற்றொன்று தோழியின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த அந்தக் கைகளா இவை என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு அன்று ஒரு வேலை இருந்தது. முகத்தைப் பற்றி யோசிக்க எனக்கு அவகாசமே இருந்திருக்கவில்லை.

அக்கா புகைப்படக்கலை படித்தவள் இல்லை. ஆனால் அவள் செய்ததை உலகப் புகழ்பெற்ற ஒருவர் தன் தொழிலாகவே செய்திருக்கிறார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வாழ்ந்த பிலிப் ஹால்ஸ்மன் லைஃப் இதழுக்கு 101 அட்டைப்படங்கள் எடுத்தவர். பெரிய மனிதர்களைப் படம் எடுத்து முடித்ததும், ஒரு முறை குதியுங்கள் என்று கேட்பாராம். மர்லின் மன்றோ குதித்தார், ரிச்சர்ட் நிக்சன் குதித்தார், பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த விண்ட்சர் கோமகனும் மனைவியும் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கைகோத்துக் குதித்தார்கள். 1959இல் அந்தப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். குதிக்கிறவரின் கவனம் முழுவதும் குதிப்பதில் போய்விடுகிறது, முகத்தைக் காத்துக்கொள்ள முடிவதில்லை என்பது அவர் கண்டது.

சிரிப்பைப் பற்றியும் ஒரு மருத்துவர் இதையே சொல்லியிருக்கிறார். டூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளில் மெல்லிய மின்சாரம் செலுத்திச் சோதித்து 1862இல் எழுதிய நூலில், உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் நினைத்தால் அசையும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்கு மட்டுமே அசையும் என்று குறித்திருக்கிறார். கண்ணோரத்தில் சுருக்கம் விழும் அந்தச் சிரிப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். அப்படியானால் சிரி என்று ஒருவரிடம் சொல்வதில் பயனில்லை. உதடு கேட்கும், கண் கேட்காது. சிரிப்பு வருவதற்கு ஒரு காரணத்தைத்தான் நாம் உண்டாக்கித் தரமுடியும்.

பிறகு நாம் ஏன் கேமராவைக் கண்டதும் விறைக்கிறோம்? இதற்கு விடை நான் வசிக்கும் ஊரின் வரலாற்றிலேயே கிடைத்தது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாள். 1844இல் மீரட் அருகே சர்தனாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் அரசு வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் வந்து, செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்தார். நம் அசோகமித்திரன் பிறந்து வளர்ந்த, '18வது அட்சக்கோடு' நாவலில் எழுதிய அதே செகந்திராபாத். தீன் தயாள் தொழிலுக்கு வந்த காலத்தில் ஈரத் தகடுதான் உண்டு. பல நொடிகள் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முகம் கலங்கிவிடும். ஸ்டுடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக் கவட்டைகளே இருந்தன. 1880களில் உலர் தகடு பரவியதும் நொடியின் ஒரு பகுதியிலேயே படம் விழத்தொடங்கியது. விறைத்து நிற்கவேண்டிய காரணம் அன்றே போய்விட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் அந்த வழக்கம் மட்டும் இன்னொரு நூறு ஆண்டுக்கு நிலைத்துவிட்டது. தாத்தா பாட்டி படங்களில் இருவரும் கல்லாய்ச் சமைந்து நிற்பதை நாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டோம், நாமும் அப்படியே நிற்கிறோம்.

தீன் தயாளைப் பற்றிப் படித்தபோது என்னை அதிகம் தொட்டது வேறொரு செய்தி. 1892இல் அவர் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ ஒன்றைத் திறந்தார். கோஷாவில் இருந்த பெண்கள் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அதை நடத்தியது கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. உள்ளே வேலை செய்தவர்களும் பெண்கள்தான். அந்த ஸ்டுடியோவின் உயர்ந்த மதில்களுக்குள் வந்த பெண்களுக்கு கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். எனக்கும் அதுதான் கேள்வி. ஊர் ஸ்டுடியோவில் மூடிய வாய், அக்கா எடுத்தபோது திறந்தது.

ஆகவே எந்த யோசனைக்கும் முன்னால் நான் சொல்வது இதைத்தான். படம் எடுப்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கவேண்டும். வழியில் போகிறவரைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தால் எல்லோரும் நேராக நின்று அவரைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான் கிடைக்கும். அதைவிட, இடத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி எடுங்கள். எல்லோரும் வந்தே ஆகவேண்டும் என்றால் போனை ஒரு பாறையில் சாய்த்து வைத்துப் பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு ஓடி வாருங்கள். ஓடி வந்தவர் மூச்சிரைக்கச் சேர்ந்துகொள்ளும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். டைமர் படங்கள் பெரும்பாலும் நன்றாக அமைவதற்கு அந்த ஓட்டம்தான் காரணம்.

இனி ஹைதராபாத்தில் நாங்கள் செய்து பார்த்தவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சார்மினாருக்கு முன்னால் வரிசையாக நின்று எடுக்காத வெளியூர்க்காரர் இல்லை. 1591இல் எழுந்த அந்த நான்கு மினார்களும் முழுதாக விழவேண்டும் என்று எடுப்பவர் பின்னால் போய்க்கொண்டே இருப்பார், நிற்பவர்கள் எறும்பாகிவிடுவார்கள். நாங்கள் சார்மினாரை விட்டு, பக்கத்தில் லாட் பஜாருக்குள் நுழைந்துவிடுவோம். அங்கே அரக்கு வளையல் செய்பவர்கள் கரி அடுப்பில் அரக்கைக் காய்ச்சி, வளைத்து, சூடு ஆறுவதற்குள் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். அந்த வளையலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒருத்தி கையை நீட்டவும், இன்னொருத்தி வளையலை மாட்ட முடியாமல் மாட்டவும், மூன்றாமவள் விலை பேசவும், நாலாமவள் எடுக்கவும் வேண்டியதுதான். போஸ் என்று ஒன்றைச் சொல்லவே தேவையில்லை. கடைக்காரரைப் படத்தில் சேர்ப்பதானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களை யாரும் மறுத்ததில்லை. பிறகு இரானி சாய் கடையில் நின்றுகொண்டே குடிக்கும்போது உஸ்மானியா பிஸ்கட்டைத் தோய்த்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட யார் முந்துகிறார்கள் என்று போட்டி வைப்போம். மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்டில் சீதாப்பழ ஐஸ்கிரீம் கிண்ணம் ஒன்று, கரண்டி நாலு. 1935இல் கட்டிய அந்தக் கருங்கல் வளைவுகளுக்கு அடியில் எடுத்த படங்களில் நாங்கள் ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண் கிண்ணத்தில்.

எங்கே போனாலும், கையில் எந்தப் பொருளும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு விளையாட்டு உண்டு. எடுப்பவர் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "நம்மில் யாருக்கு முதலில் கல்யாணம் ஆகும்?", "கடன் வாங்கினால் திருப்பித் தராதது யார்?", "காலையில் குளியலறையை விட்டு வெளியே வராதது யார்?" மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒருவரைக் கை காட்டவேண்டும். காட்டப்பட்டவள் மறுப்பாள், காட்டியவர்கள் சாட்சி சொல்வார்கள், கூச்சல் எழும். எடுப்பவர் அப்போதுதான் பட்டனை அழுத்தவேண்டும். கேள்வி மட்டும் யாரையும் குத்தக்கூடாது. உடம்பு, நிறம், சம்பளம் இவற்றை அறவே தொடக்கூடாது. ஒருத்திக்கு வலிக்கும் கேள்வியில் எடுத்த படத்தில் மற்றவர்கள் சிரிப்பும் கெட்டுப்போகும்.

காதில் ரகசியம் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். வரிசையாக உட்கார்ந்து, முதலாமவர் சொன்ன வாக்கியம் கடைசி ஆள்வரை போய்ச் சேரவேண்டும், கடைசியில் அது என்னவாகிறது என்று பார்க்கவேண்டும். பல மொழிக்காரர்கள் இருந்த எங்கள் அறையில் அது என்னவாகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நெருங்கி உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் நெருங்குங்க என்று கத்தினால் தோள்கள் ஒட்டும், உடம்பு ஒட்டாது.

நிற்பதைவிட உட்காருவது நல்லது. ஒரே உயரத்தில் உட்காராமல் இருப்பது இன்னும் நல்லது. தீன் தயாளின் குழுப்படங்களில் ஒரு வரிசை நிற்கும், ஒரு வரிசை நாற்காலியில், ஒரு வரிசை தரையில். காலம் மாறியும் அந்த அமைப்பில் குறையில்லை. ஹைதராபாத்தில் இதற்கென்று பாறைகள் இருக்கின்றன. இந்த ஊர்க் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவைத்தது போல் நிற்கும் அந்தப் பாறைகளில் ஒருத்தி மேலே, ஒருத்தி சாய்ந்து, ஒருத்தி கீழே கால் நீட்டி உட்கார்ந்தால் தலைகள் தாமாகவே மேலும் கீழுமாக அமைந்துவிடும். பாறையின் நிழல் பக்கம் உட்காருங்கள். திறந்த வானத்தின் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும், கண் கூசாது. பெயர் மட்டும் எழுதிவைத்துவிட்டு வராதீர்கள். காஜாகுடா குன்றுகளில் பெயின்ட் அடித்த பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் வளைவுகளுக்கு அடியில் போய்விடுங்கள். குதுப்ஷாஹி கல்லறைகளின் தாழ்வாரங்கள், சௌமஹல்லா அரண்மனையின் மண்டபங்கள் எல்லாம் நண்பகலிலும் முகத்துக்கு நல்ல வெளிச்சம் தருபவை. மாலையில் உசேன் சாகர் கரையில் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குப் பதில், ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கும் முதுகுகளை எடுங்கள். தோள்மேல் சாய்ந்த தலை, காற்றில் பறக்கும் துப்பட்டா இவையே யார் யார் என்று சொல்லிவிடும். முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

போனில் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. கேமரா பொதுவாக அகன்ற பார்வை கொண்டது. பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் இழுபட்டு அகலமாகத் தெரிவார்கள். தேவையான அளவு பின்னால் போய், 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை உள்ளவரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கண் மூடிவிடுகிறதே என்றால், ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் அதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். 2006இல் இக் நோபல் பரிசு பெற்ற கணக்கு அது. 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கலான வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. ஒன்பது பேருக்கு வெயிலில் மூன்று, கல்யாண மண்டபத்து விளக்கில் ஐந்து.

முடிஞ்சது என்று சொன்ன பிறகும் போனை இறக்காதீர்கள். விறைத்து நின்றவர்கள் மூச்சு விட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து ஏதோ சொல்வார்கள். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் கிடைப்பது பல சமயம் முன்னால் எடுத்த பத்தையும்விட நன்றாக இருக்கும்.

இயல்பு என்பதே இப்போது ஒரு புதுச் சீருடையாகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். தரையைப் பார்த்துச் சிரிப்பது, நடந்துகொண்டே தலைமுடியை ஒதுக்குவது, யாரோ கூப்பிட்டது போல் திரும்புவது எல்லாம் கூப்பிட்டு வைத்துச் செய்யப்படுகின்றன. ஒன்றும் நடக்காமல் நடந்தது போல் நடிக்கும் அந்தப் படங்களைவிட, கேமராவை நேராகப் பார்த்து வரிசையாக நிற்கும் பழைய படம் எனக்கு மேல். அதில் பொய்யில்லை. சங்கராந்திக்கு மாடியில் நிஜமாகவே பட்டம் விடுங்கள், ஜனவரியில் நாம்பள்ளி நுமாயிஷ் பொருட்காட்சியில் நிஜமாகவே ராட்டினம் ஏறுங்கள், எடுப்பவர் எடுத்துக்கொள்ளட்டும்.

படத்துக்காகப் போகக்கூடாத இடங்கள் உண்டு. 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர்கள் இமாசலத்தில் பியாஸ் ஆற்றுப் படுகையில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் அவர்களை அடித்துச் சென்றது. 24 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் செய்ததில் தவறேதும் இல்லை. நண்பர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். அந்தப் பாறைகளில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. அணைக்குக் கீழே உள்ள எந்த ஆற்றிலும் படத்துக்காக நடுவில் போகாதீர்கள். 2020இல் ஹைதராபாத்தில் துர்கம் செருவு கேபிள் பாலம் திறந்தபோதும் ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையில் நின்று படம் எடுத்தார்கள், போலீஸ் எச்சரிக்கவேண்டி வந்தது. நடைபாதையிலிருந்தே அந்தப் பாலம் நன்றாகத் தெரிகிறது.

கூட்டத்தில் கூச்சமுள்ளவர் ஒருவர் எப்போதும் இருப்பார். போனை முதலில் வாங்கிக்கொள்பவர், பின்வரிசையில் பாதி முகம் மறைய நிற்பவர், படம் எடுக்கும்போது தண்ணீர் வாங்கப் போகிறவர். வற்புறுத்தி முன்னால் இழுக்காதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுத்து நடுவில் வையுங்கள். குடையை அவர் பிடிக்கட்டும், கேக்கை அவர் வெட்டட்டும், எண்ணிக்கையை அவர் சொல்லட்டும். தோளில் கை போடுமுன் அவருக்குச் சம்மதமா என்று பாருங்கள். எடுத்ததை முதலில் அவருக்குக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அக்கா அன்றிரவு அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் நான் இன்னொரு முறை அவளோடு வெளியே போயிருக்கமாட்டேன். அவள் என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள். அதனால்தான் அதை வைத்துக்கொண்டேன்.

அந்த அறை கலைந்து பல காலம் ஆகிறது. அக்கா கல்யாணமாகிக் கரீம்நகரில் இருக்கிறாள், கொச்சிக்காரி துபாயில், கடப்பாக்காரி என்னோடு இங்கே ஹைதராபாத் மாதாப்பூரிலேயே வேலை பார்க்கிறாள். என் பற்கள் எனக்குப் பிடித்துவிட்டன என்று சொன்னால் அது உண்மையில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது உதடு இன்னும் மூடிக்கொள்கிறது. ஆனால் நண்பர்களோடு இருக்கும்போது பற்கள் நினைவுக்கே வருவதில்லை.

ஒரு வேண்டுகோள். எடுப்பவற்றில் நாலைந்தையாவது அச்சடித்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தீன் தயாள் 1905இல் மறைந்தார். அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989இல் டெல்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கியது, அவை இன்றும் அங்கே இருக்கின்றன. எங்கள் ஹாஸ்டல் நாட்களின் படங்களில் பெரும்பாலானவை பழைய போன்களோடு போய்விட்டன. கோல்கொண்டா படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அமீர்பேட்டையில் ஒரு கடையில் அதை நாலு பிரதி போட்டோம்.